இரண்டு அமர்வுகளுக்கு நடுவே: தென் தாய்லாந்துப் பேச்சுவார்த்தையாளர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தாய்லாந்து அரசின் சமாதான உரையாடல் குழுவினருக்கும், அந்த அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மலாய் முஸ்லிம் இயக்கமான பி.ஆர்.என். இயக்கத்தின் பேராளர்களுக்கும், இரு பகுதியினரையும் ஓர் அறைக்குள் அமர்த்தப் பாடுபடும் மலேசிய அனுசரணையாளருக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சமூகக்கல்வியும் வரலாறும் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்குத் தமிழில்தான் எழுத வரும். கோலாலம்பூரில் தமிழ் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர் இதை உங்களிடம் சேர்ப்பிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2002 செப்டெம்பரில் என்னுடைய 10 ஆம் தர வகுப்பில் தென்கிழக்காசியப் படத்தை மேசையில் விரித்துவைத்து, சத்தாஹிப் எங்கே இருக்கிறது என்று தேடினோம். பாடப்புத்தகத்தில் இல்லாத ஊர். மெலிந்த பையன் ஒருவன்தான் முதலில் கண்டுபிடித்தான். தாய்லாந்து வளைகுடாவின் கிழக்குக் கரையில் விரலை வைத்து, 'இஞ்சை ரீச்சர்' என்று கத்தினான். அந்தக் கடற்படைத் தளத்தில் செப்டெம்பர் 16 ஆம் திகதி இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் முதற்சுற்றுப் பேச்சுக்கு அமர்ந்தார்கள். பிறகு நக்கோன் பத்தோமில் இரண்டு சுற்றுகள் நடந்தன. எங்கள் சமாதானத்துக்கு முதல் கதிரை போட்டுக் கொடுத்தது தாய்லாந்து. அந்த நன்றி இந்த மடலின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. கடுமையாக எழுதியிருக்கும் இடங்களிலும் அதை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து ஒதுங்கினார்கள். எங்கள் மேசை வெறுமையாகி ஒன்பதாவது மாதத்தில், 2004 ஜனவரி 4 ஆம் திகதி, நராதிவாத்தில் ஓர் இராணுவ ஆயுதக் களஞ்சியம் தாக்கப்பட்டு உங்கள் மண்ணில் போர் மீண்டும் மூண்டது. அன்றிலிருந்து பத்தானி, யாலா, நராதிவாத் மாகாணங்களிலும் சொங்க்லாவின் எல்லையோர மாவட்டங்களிலும் 7,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். மலாய் முஸ்லிம்கள், தாய் பௌத்தர்கள், சிப்பாய்கள், ஊர்க்காவலர், சந்தைக்குப் போன பெண்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களும் அவர்களுள் உண்டு. பாடசாலைக்குப் போகிற வழியில் சுடப்பட்ட ஆசிரியர்களின் செய்திகளை வாசித்துத்தான் உங்கள் ஊர்களின் பெயர்கள் எனக்குப் பழக்கமாயின. சத்தாஹிப்பைத் தேடிய அதே படத்தில் அவற்றையும் தேடினேன்.

உங்களிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விடயம் இருக்கிறது. எங்கள் பேச்சுவார்த்தை மேசையில் வைத்துச் சாகவில்லை. இரண்டு அமர்வுகளுக்கு நடுவே, சந்திகளிலும் ஒழுங்கைகளிலும் செத்தது. மேசையில் இருந்தவர்கள் அரசியலமைப்பைப் பற்றியும் இடைக்கால நிர்வாகத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, வெளியே ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்கென்று எங்கள் பத்திரிகைகளில் ஒரு சொல் நிரந்தரமாக அச்சுக்கோத்து வைக்கப்பட்டிருந்தது: இனந்தெரியாதோர். 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்.' கொன்றவர் யாரென்று ஊருக்குத் தெரிந்த நாள்களிலும் அந்தச் சொல்தான் அச்சானது. எழுதிய செய்தியாளனுக்கும் உயிர் வேண்டுமே.

படத்தில் விரல் வைத்த அந்தப் பையன் 2006 மே மாதத்தில், மாலை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டான். அடுத்த நாள் பத்திரிகையில் நாலு வரி. இனந்தெரியாதோர். பத்தொன்பது வயது. ஏன் என்று அவனுடைய தாய் என்னைக் கேட்டார். ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார் போலும்.

உங்கள் மாகாணங்களில் 2025 இல் நடந்தவற்றை வாசித்தபோது அந்த நாலு வரிதான் மறுபடி என் கண்முன் வந்தது. மார்ச்சில், நோன்பு மாதத்தில், சுங்கை கோலொக் மாவட்ட அலுவலகத்தின் மீது தாக்குதல். ஏப்ரலில் நராதிவாத்தில் இஸ்லாமிய சமய ஆசிரியர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஏப்ரல் 22 ஆம் திகதி சபா யோய் மாவட்டத்தில் பிக்குமார் சென்ற வாகனத்தின் மீது துப்பாக்கிச் சூடு. பதினாறு வயது சாமணேரர், இளம் பயிற்சிப் பிக்கு ஒருவர் இறந்தார். மே 2 ஆம் திகதி நராதிவாத்தின் தாக் பாயில் கொல்லப்பட்டவர்களில் ஒன்பது வயதுச் சிறுமியும் உண்டு. ஒரு கொலைக்கு மறு கொலை, அதற்கு இன்னொன்று. அந்த மாதங்களில் உங்கள் மேசை எங்கே இருந்தது? 2024 பெப்ரவரியில் கோலாலம்பூரில் கூட்டுச் சமாதானத் திட்டத்துக்குக் கொள்கையளவில் இணங்கிய பிறகு, தாய்லாந்துப் பக்கத்துக் குழுவே மாதக்கணக்கில் நியமிக்கப்படாமல் கிடந்தது. 'முதலில் வன்முறை நிற்கட்டும், பிறகு பேசலாம்' என்று பாங்கொக்கிலிருந்து சொல்லப்பட்டது.

தாய்லாந்து அரசின் குழுவினரே, அந்த வாசகத்தை நாங்கள் எங்கள் மொழிகள் இரண்டிலும் கேட்டிருக்கிறோம். வன்முறை நின்றால்தான் பேசுவோம் என்று சொல்வது உறுதியான நிலைப்பாடு போலத் தோன்றும். நடைமுறையில் அது, பேச்சு வேண்டாம் என்று நினைக்கும் எவனுக்கும் ஒரு துப்பாக்கியையும் ஒரு நல்ல தருணத்தையும் கையில் கொடுக்கிறது. அவன் உங்கள் பக்கத்தில் இருக்கலாம், எதிர்ப் பக்கத்தில் இருக்கலாம், கடத்தல்காரனாகவும் இருக்கலாம். ஒரே ஒரு வெடியில் அவன் உங்கள் இரு பகுதியினரையும் விடப் பலமானவனாகிவிடுகிறான். உங்களிடமே இதற்கு மாற்றான அனுபவம் ஒன்று இருக்கிறது. 2022 இல் நோன்பு மாதத்தையும் விசாக நாளையும் ஒட்டி நீங்களும் பி.ஆர்.என். இயக்கமும் தாக்குதல்களை நிறுத்தி வைத்தீர்கள். மேசையில் இடம்பெறாத இன்னொரு ஆயுத இயக்கமான பூலோ அமைப்பு பத்தானியின் சாய் புரியில் குண்டு வைத்தது, ஒருவர் இறந்தார். அப்படியிருந்தும் நீங்கள் அந்த இணக்கத்தைக் கைவிடவில்லை. அந்த வாரங்களில் பள்ளிவாசலுக்கு இரவுத் தொழுகைக்குப் போனவர்களும் விகாரைக்குப் பூ எடுத்துப் போனவர்களும் வழியில் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். அதைச் செய்ய முடிந்த நீங்கள் 2025 இல் ஏன் செய்யவில்லை என்பதே என் முறைப்பாடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாக் பாய். 2004 ஒக்டோபர் 25 ஆம் திகதி பொலிஸ் நிலையத்துக்கு முன் ஆர்ப்பாட்டம் செய்தவர்களைக் கைகளைப் பின்னால் கட்டி, இராணுவ லொறிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனார்கள். 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அன்றைய மொத்தச் சாவு 85. இருபது ஆண்டுகளின் பின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மறுநாள், 2024 ஒக்டோபர் 25 ஆம் திகதி, வழக்கின் காலவரம்பு முடிந்துபோயிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர்கூட நீதிமன்றப் படியேறவில்லை. எங்கள் திருகோணமலையில் 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 இல் அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே உங்கள் தாய்மார் அன்று என்ன உணர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காலவரம்பு முடிந்த செய்தி வந்த நாளில் அந்த மாகாணங்களில் எத்தனை இளைஞர்கள் உங்கள் மேசையில் நம்பிக்கை இழந்திருப்பார்கள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? 2005 இலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் அவசரகாலச் சட்டம், குற்றப்பத்திரிகை இன்றி 30 நாள் வரை தடுத்துவைக்கும் அதிகாரம், இவற்றின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். நானும் அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் பாதி ஆயுளைக் கழித்தேன். அந்தச் சட்டம் ஊரைப் பாதுகாத்ததாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பொலிஸிடம் போய் உண்மையைச் சொல்லும் பழக்கத்தை அது ஊரிலிருந்து அழித்துவிட்டது. சாட்சி சொல்ல ஆளில்லாத ஊரில் இனந்தெரியாதோருக்குக் கொண்டாட்டம்.

பி.ஆர்.என். பேராளர்களே, உங்களிடம் பேசுவது எனக்கு இன்னும் கடினம். உங்கள் முறைப்பாடுகளில் பலவற்றை என்னால் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. தாய்மொழிக்குப் பாடசாலையில் இடம் கேட்பது, தங்கள் வரலாற்றைத் தங்கள் பெயரில் சொல்ல விரும்புவது, தலைநகரிலிருந்து வருகிற அதிகாரியின் மொழி புரியாமல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, இவையெல்லாம் என் வீட்டுக் கதை. 1947 இல் பத்தானியின் மலாய் முஸ்லிம் சமயத் தலைவர் ஹாஜி சுலோங் தாய்லாந்து அரசிடம் முன்வைத்த ஏழு கோரிக்கைகளை வாசித்தபோது எங்கள் பழைய தலைவர்களின் கோரிக்கைகளை வாசிப்பது போலவே இருந்தது. அவர் 1954 இல் காணாமல் ஆக்கப்பட்டார். அந்த வினைச்சொல்லின் பொருளும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் 2020 ஜனவரியில் நீங்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டீர்கள். ஆயுத மோதலின் பாதிப்பிலிருந்து சிறுவர்களைப் பாதுகாப்போம் என்று ஆயுதக் குழுக்களிடம் மனிதாபிமான உறுதிமொழிகளைப் பெறும் ஜெனீவா கோல் அமைப்பிடம் கொடுத்த உறுதிமொழி அது. உங்களை எவரும் வற்புறுத்தவில்லை. மே மாதத்தில் இறந்த அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் விடயத்தில் அந்தத் தாள் என்ன சொல்கிறது? பொதுமக்களைக் குறிவைப்பதில்லை என்கிறீர்கள். அப்படியானால் குறிவைத்தவர் யார் என்று தேடிச் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது. உங்கள் இயக்கம் செய்தவற்றை உரிமை கோருவதும் அரிது, செய்யாதவற்றை விசாரிப்பதும் அரிது. இந்த மௌனம் உங்களுக்குக் கவசம் என்று நினைக்கிறீர்களா? எங்கள் இயக்கங்களும் அப்படித்தான் நினைத்தன. 2006 ஜூன் 15 ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடித்து, பஸ்ஸில் போன சிங்களக் கிராமத்தவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். புலிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பை உலகத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதன்பின் எங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் போன இடமெல்லாம் அந்த பஸ் எங்களுக்கு முன்னரே போய் நின்றது.

உங்கள் மாகாணங்களில் வாழும் பௌத்தர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 1990 ஒக்டோபரின் கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். எனக்குத் தையல் சொல்லித் தந்த அம்மா, கையில் ஒரு பையோடு எங்கள் படலையைக் கடந்து போனார். நான் படலைக்கு உட்புறம் நின்றேன். வெளியே வரவில்லை. பயம் என்று சொல்லலாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் காரணம் எனக்கே போதுமானதாக இல்லை. 2002 இல் முஸ்லிம்கள் தனித்தரப்பாக மேசைக்கு வரக் கேட்டார்கள். கொடுக்கப்படவில்லை. ஒரு நிலத்தின் விடுதலையைப் பேசுகிறவர்கள் அந்த நிலத்தில் பிறந்த சிறுபான்மையினரை அஞ்சி ஓடவைத்தால், பிறகு அவர்கள் கேட்கும் சுயாட்சிக்கு அயலவன் சாட்சி சொல்ல மாட்டான். அந்தச் சாமணேரரும் அந்த நிலத்தின் பிள்ளைதான்.

மலேசிய அனுசரணையாளருக்கு எழுத வேண்டியது குறைவு. எங்களுக்கு நோர்வே இருந்தது, பெரும் பொறுமையோடு இருந்தது. 2002 பெப்ரவரி 22 ஆம் திகதிய யுத்த நிறுத்த உடன்படிக்கையில் சித்திரவதை, மிரட்டல், கடத்தல், கப்பம் எதுவும் பொதுமக்கள் மீது கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெள்ளை வாகனத்தில் வந்து, நடந்ததைக் கேட்டு, எழுதிக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள். ஆயிரக்கணக்கான மீறல்கள் பதிவாயின. பதிவானபின் எதுவும் நடக்கவில்லை. மீறியவருக்கு என்ன விளைவு என்று அந்த உடன்படிக்கையில் எழுதப்படவில்லை. மனித உரிமைகளுக்கென ஒரு வழித்திட்டம் 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் நடந்த அமர்வு வரை பேசப்பட்டது; அடுத்த மாதமே பேச்சு நின்றது, அதுவும் அதோடு போயிற்று. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். ஐந்து நாட்டுக் குழு இரண்டு நாட்டுக் குழுவாயிற்று. அதுவும் எங்களுக்கு மிக அவசியமான மாதங்களில்.

அந்த ஆண்டு ஓகஸ்டில், யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டது. சங்கக்கடை வாசலில் சீனிக்கும் மாவுக்கும் விடியமுன் வரிசை. குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதிச் சீட்டு, பிறகு திருகோணமலைக்குக் கப்பல். அந்த ஒக்டோபரில் ஜெனீவாவில் மீண்டும் சந்தித்தார்கள். பாதையைத் திறப்பதா இல்லையா என்பதிலேயே இரண்டு நாளும் போயின. அடுத்த அமர்வுக்குத் திகதி குறிக்காமலே எழுந்தார்கள். வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு என் கணவர் ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய், தூர்ந்துகிடந்த பதுங்குகுழியைத் தோண்டத் தொடங்கினார். 2009 மே மாதத்தில் எல்லாம் எப்படி முடிந்தது என்பதை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுத இந்த மடல் போதாது, எனக்கும் பலம் போதாது.

இத்தனையையும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. சுயாட்சியா, என்ன வகை நிர்வாகம், எந்த மொழி எங்கே என்பதையெல்லாம் நீங்கள் பேசி முடிக்க ஆண்டுகள் ஆகலாம். 2013 பெப்ரவரியில் கோலாலம்பூரில் இட்ட முதல் கையெழுத்திலிருந்து எத்தனை அரசுகள் மாறிவிட்டன, எத்தனை குழுக்கள் கலைந்துவிட்டன. 2014 இல் இராணுவப் புரட்சியும் வந்து போயிற்று. இனியும் மாறும். ஆகவே மேசை உடைந்தாலும் உடையாத ஒரு சிறு உடன்பாட்டைத் தனியே எழுதி முதலில் கையெழுத்திடுங்கள். பாடசாலை, பொன்டொக் என்னும் இஸ்லாமிய சமயப் பாடசாலை, பள்ளிவாசல், விகாரை, மருத்துவமனை, சந்தை ஆகிய இடங்களில் எவரும் எவரையும் தாக்குவதில்லை. ஆசிரியர், பிக்கு, இமாம், விடியமுன் ரப்பர் பால் எடுக்கப் போகிறவர், தடுப்பிலிருந்து விடுதலையானவர், சரணடைந்தவர் ஆகியோர் மீது கை வைப்பதில்லை. பேச்சு இடைநின்றால் இதுவும் நின்றுவிடும் என்ற வாசகம் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. நிற்கும் நாள்களுக்காகத்தானே இதை எழுதுகிறீர்கள். இதிலிருந்து விலகும் பகுதி, விலகுகிறேன் என்று முப்பது நாளுக்கு முன்னர் மக்களுக்குப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். ஒளித்து விலகுவதுதான் எங்களைக் கொன்றது.

அத்தோடு, அந்த ஊர்களிலேயே தங்கியிருக்கும் கண்காணிப்பாளர்கள் வேண்டும். சம்பவத்துக்குப் பின் தலைநகரிலிருந்து வந்து போகிறவர்கள் போதாது. உள்ளூர் மலாய்ப் பெண்களும் உள்ளூர் பௌத்தப் பெண்களும் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்கட்டும். வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே போய்க் குசினியில் இருந்து பேச அவர்களால்தான் முடியும். அவர்களுக்கு இரண்டு பகுதியும் தண்டனைப் பயமின்றி நடமாடும் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து குறித்த நாள்களுக்குள் அறிக்கை வெளிவர வேண்டும். எந்தப் பகுதியின் அனுமதிக்காகவும் அது காத்திருக்கக் கூடாது. யார் செய்தார் என்று தெரிந்தால் தெரிந்தது என்றும், தெரியாவிட்டால் யாரை விசாரித்தோம், யார் பதில் தர மறுத்தார் என்றும் அதில் இருக்கட்டும். தாய்லாந்து மொழியிலும், அரபு வரிவடிவமான ஜாவி எழுத்தில் மலாயிலும் அச்சிட்டு, இறந்தவரின் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுப்பவர் அந்த வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் இருந்து, எழுத்து வாசிக்கத் தெரியாத தாய் என்றால் வாசித்தும் காட்டிவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்